துலாக்கோலும் தூரிகையும்

சென்ற ஈகைத் திருநாள் விடுமுறையின்போது என் பழைய மாணவர் ஒருவர் இல்லம் தேடி வந்தார். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். ஓசூரில் வண்டி உதிரிப்பாகங்களுக்கு முலாம் பூசும் தொழிலகம் ஒன்றின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஏழு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார். அவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் அவரே. நலம் உசாவி முடிந்தபின், தம் தோள்பையிலிருந்து மூன்று குறிப்பேடுகளை எடுத்து என்முன் வைத்தார். ஆய்வகத்தில் அளவுகளைக் குறித்துக்கொள்ளும் கோடிட்ட ஏடுகள் அவை. உள்ளே இருந்தவையோ அளவுகள் அல்ல, ஓவியங்கள்.

இரவு ஷிப்டு முடிந்து பேருந்தின் சன்னலில் தலைசாய்த்து உறங்கும் இளைஞர். சிப்காட் வாயிலில் தேநீர் ஆற்றும் முதியவர். தீவன மூட்டைக்கும் எரிவாயு உருளைக்கும் நடுவே மிதிவண்டியைத் தள்ளிச் செல்லும் பெண். மாந்தோப்புக்குப் பின்னால் எழுந்து நிற்கும் புகைபோக்கி. எல்லாம் பேனா மையால் வரையப்பட்டவை. நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து அவர் கேட்டார்: "ஐயா, வேலையை விட்டுவிட்டு ஓவியத்தையே வாழ்வாகக் கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அத்தாவிடம் சொல்லத் துணிவில்லை. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

எனக்கு உடனே விடை வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் இளங்கலை இரண்டாம் ஆண்டில் படித்தபோது, நான் சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருந்த வகுப்பில், தம் ஏட்டின் ஓரத்தில் என் உருவத்தை வரைந்துகொண்டிருந்தார். அதைப் பறித்து வகுப்பின்முன் உயர்த்திக் காட்டி, "படம் போட்டால் பசி தீருமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் அதை நினைவூட்டவில்லை, நான் மறக்கவில்லை. ஆசிரியன் எளிதாய்ச் சொல்லிவிடும் ஒரு சொல் மாணவன் வாழ்வில் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை அந்த மூன்று ஏடுகளும் எனக்கு உணர்த்தின. அன்று சொல்லத் தவறிய விடையை இன்று இம்மலரின் வாயிலாகச் சொல்ல முயல்கிறேன். இது அவர் ஒருவருக்கான விடை மட்டுமன்று. அறிவியல் பட்டம் பெற்றுத் தொழிற்கூடங்களில் நுழைந்து, நெஞ்சின் ஒரு மூலையில் வேறொரு கலையைப் பொத்தி வைத்திருக்கும் மாணவர் அனைவருக்கும், அவர்தம் பெற்றோருக்கும் உரியதாகும்.

இரும்பும் ஓவியமும் பிறந்த மண்

ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியைத் தொழிற்பகுதி என்றே இன்று உலகம் அறியும். எழுபதுகளில் சிப்காட் வளாகம் தோன்றியது. 1980இல் அசோக் லேலண்டு தன் தொழிற்சாலையை ஓசூரில் நிறுவியது. அதே ஆண்டில்தான் டி.வி.எஸ். 50 என்னும் சிறுவண்டி இவ்வூரிலிருந்து நாடெங்கும் ஓடத் தொடங்கியது. டிட்கோவும் டாட்டா குழுமமும் இணைந்து 1984இல் உருவாக்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கைக்கடிகாரம் செய்தது. இன்று மின்வண்டியும் மின்னணுக் கருவிகளின் பாகங்களும் இம்மாவட்டத்தில் உருவாகின்றன. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்து பணியாற்றுகின்றனர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் இந்தியும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கக் கேட்கலாம்.

இம்மண்ணுக்கு இதனினும் பழைய முகவரி ஒன்று உண்டு. பர்கூர்ப் பகுதியில் உள்ள மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், இரும்பின் பயன்பாடு கி.மு. 2172ஆம் ஆண்டளவிலேயே இருந்தது என்னும் காலக்கணிப்பு 2022இல் அறிவிக்கப்பட்டது. 2025இல் வெளியான சிவகளைக் கணிப்புகள் அதனினும் தொன்மையான காலத்தைக் காட்டின எனினும், மயிலாடும்பாறையின் சிறப்பு அதனால் குறைந்துவிடவில்லை. நாம் மறந்துவிடும் செய்தி வேறொன்று. அதே மயிலாடும்பாறையில் பாறை ஓவியங்களும் உள்ளன. மல்லசந்திரத்துக் கற்திட்டைகளின் உட்பக்கத்திலும் வெண்ணிற ஓவியங்களைக் காணலாம். இரும்பை உருக்கும் வித்தை அறிந்த மக்கள் வாழ்ந்த நிலத்திலேயே, பாறையில் மனிதனையும் விலங்கையும் தீட்டிய கைகளும் இருந்திருக்கின்றன. உலைக்கூடமும் ஓவியமும் இம்மண்ணில் அண்டை வீட்டாராகவே வாழ்ந்துள்ளன.

பிற்காலத்தில், மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792ஆம் ஆண்டில், தாமசு டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் இவ்வழியே பயணம் செய்து, இராயக்கோட்டையையும் ஓசூரையும் பாராமகால் மலைக்கோட்டைகளையும் வரைந்தனர். அவை இலண்டனில் அச்சாகி உலகப் புகழ் பெற்றன. இரண்டு நூற்றாண்டுக்குமுன் கடல் கடந்து வந்தவர் கண்ணுக்கு நம் மலைகள் ஓவியமாய்த் தெரிந்தன. இன்று இம்மலைகளின் அடியில் நடக்கும் மாபெரும் மாற்றத்தை வரைந்து வைப்பவர் யார்? நாளொன்றுக்கு எத்தனை வண்டிகள் உருவாயின என்பதற்குக் கணக்கு உண்டு. அவற்றை உருவாக்கியவர் முகம் எப்படி இருந்தது என்பதற்குக் கணக்கு இல்லை. என் மாணவருடைய ஏடுகளைக் கண்டபோது எனக்குத் தோன்றிய முதல் எண்ணம் இதுவே.

வேதியியலாளர் வரைந்த மதுரை

அறிவியல் பணியில் இருந்துகொண்டே ஓவியராய் வாழ்ந்தவர் தமிழகத்தில் உண்டா எனில், நெஞ்சில் முதலில் நிற்கும் பெயர் மனோகர் தேவதாசு. 1936இல் மதுரையில் பிறந்தவர். சேதுபதி உயர்நிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் கல்லூரியிலும் பயின்றவர். அவருடைய பாடம் வேதியியல், ஓவியம் அன்று. சென்னையில் ஓல்டாம் என்னும் மின்கல நிறுவனத்தில் வேதியியலாளராகப் பணியேற்றார். நாம் அன்றாடம் வண்டிகளில் பயன்படுத்தும் ஈய அமில மின்கலமே அவர் ஆய்வுப் பொருள். பின்னர் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் உயர்கல்வி கற்றுத் திரும்பினார். மின்கலத் தொழிற்சாலை ஓசூரிலும் உண்டு. அங்கு அமில வாடைக்கிடையே நிற்கும் நம் வேதியியல் மாணவர் ஒவ்வொருவரும், தம்மைப் போன்ற ஒருவரே அவர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவர் எடுத்துக்கொண்ட கருவி மிக எளியது: பேனாவும் கறுப்பு மையும் வெள்ளைத் தாளும். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள், வைகை, திருமலை நாயக்கர் அரண்மனையின் பெருந்தூண்கள், யானைமலை, தெருக்கள் ஆகியவற்றை நுண்கோடுகளால் வரைந்தார். நிழலை மையால் அப்பிவிடாமல் கோட்டின்மேல் கோடிட்டு உருவாக்குவது அவர் முறை. ஒரு கோபுரத்தின் சுதைச் சிற்பங்களை அவ்வாறு வரைந்து முடிக்க எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆய்வகத்தில் துளித் துளியாய் அமிலம் சேர்த்து நிறம் மாறும் கணத்திற்காகக் காத்திருந்த கண்ணும் கையுமே அவருக்கு இங்கும் உதவின என்று கருதுகிறேன்.

அவர் வாழ்வில் நேர்ந்த சோதனைகள் இரண்டு. ஒன்று, விழித்திரையில் உள்ள ஒளியுணர் செல்கள் சிறிது சிறிதாய் அழியும் நோய். இந்நோயில் முதலில் மங்கிய ஒளியில் பார்வை குன்றும். பிறகு பக்கப் பார்வை சுருங்கும். இறுதியில் குழாயின் வழியே பார்ப்பதுபோல் நடுவில் சிறிதளவே எஞ்சும். மற்றொன்று, 1972இல் நேர்ந்த சாலை விபத்து. அதில் அவர் துணைவியார் மகிமா அவர்களுக்குத் தோளுக்குக் கீழே உடல் செயலிழந்தது. அதன்பின் 2008இல் மறையும்வரை அவர் சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார். பார்வை குன்றிவரும் கணவர் மனைவிக்குக் கையாகவும், மனைவி கணவருக்குக் கண்ணாகவும் வாழ்ந்த இல்லறம் அது. மனோகர் வரைந்த கோட்டோவியங்களை வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டு, அதன் வருவாயைக் கண் மருத்துவம் உள்ளிட்ட அறப்பணிகளுக்கு இருவரும் வழங்கினர். தம் இளமைக்கால மதுரையைக் கருவாகக் கொண்டு 'கிரீன் வெல் இயர்ஸ்' என்னும் ஆங்கிலப் புதினத்தை 1997இல் வெளியிட்டார். அவருடைய மதுரை ஓவியங்கள் 2007இல் தனி நூலாக வந்தன. மிகுந்த ஒளியும் ஆற்றல் மிக்க கண்ணாடியும் துணைசெய்ய, எஞ்சிய சிறு பார்வையைக்கொண்டே நெடுநாள் வரைந்தார். 2020ஆம் ஆண்டிற்கான பத்மசிரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2022 டிசம்பரில் மறைந்தார்.

இவ்வரலாற்றைச் சொல்லி இளைஞரைக் கண்கலங்க வைப்பது என் நோக்கமன்று. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மனோகர் தேவதாசு ஓவியத்திற்காக ஒரே நாளில் அனைத்தையும் துறந்தவர் அல்லர். வேதியியல் அவர் இல்லத்தைக் காத்தது; மருத்துவச் செலவைத் தாங்கியது. பணி முடிந்த மாலைகளிலும் விடுமுறைகளிலும் வரைந்தார். ஓவியமோ அவரை உள்ளம் உடையாமல் காத்தது. இரண்டையும் எதிரிகளாக அவர் நிறுத்தவில்லை.

பொறியாளரும் மருத்துவரும்

மற்றொரு சான்று அச்சுதன் கூடலூர். கேரளத்தின் கூடலூரிற் பிறந்து, கட்டடப் பொறியியல் கற்று, தமிழ்நாடு பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். பணி முடிந்த மாலை வேளைகளில் சென்னை ஓவியர் மன்றத்தில் பயிற்சி பெற்றார். அளவும் கோணமும் தவறாத பொறியியல் வரைபடங்களோடு பழகிய அவர், ஓவியத்தில் உருவங்களையே விட்டுவிட்டு வண்ணங்களின் உலகிற்குள் நுழைந்தார் என்பது வியப்புக்குரியது. 1988இல் தேசிய லலித்கலா அகாதெமியின் விருது அவருக்குக் கிடைத்தது. அவரும் 2022இல்தான் மறைந்தார். அரசு அலுவலகப் பணியும் மாலைநேரக் கலைப் பயிற்சியுமாகத் தொடங்கிய ஒரு வாழ்வு, இந்திய அளவில் மதிக்கப்படும் ஓவியராய் நிறைவுற்றது.

ஓசூருக்கு மிக நெருக்கமான சான்று மராட்டியத்தில் உள்ளது. சுதிர் பட்வர்தன் 1949இல் புனேயில் பிறந்தவர். அங்குள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 1972இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மும்பையை அடுத்த தானேயில் 1975 முதல் 2005 வரை முப்பது ஆண்டுகள் ஊடுகதிர் மருத்துவராகப் பணிபுரிந்தார். ஓவியக் கல்லூரியிற் பயிலாமல் தாமே கற்றுக்கொண்டவர். தானே எத்தகைய ஊர் என்பதை ஓசூர்வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பெருநகரின் அருகே, தொழிற்சாலைகளால் வளர்ந்து, எங்கெங்கிருந்தோ பிழைப்பு நாடி வந்தவர்களால் நிறைந்த ஊர் அது. அம்மக்களையே அவர் வரைந்தார். தேநீர் விடுதியில் தனித்து அமர்ந்திருப்பவர், தொடர்வண்டியில் நெருக்குண்டு செல்வோர், கட்டடப் பணியாளர், ஆலைகள் மூடப்பட்டபின் உருமாறும் தெருக்கள் ஆகியவையே அவர் பாடுபொருள். பகலெல்லாம் ஊடுகதிர்ப் படத்தில் அத்தொழிலாளரின் எலும்பையும் நெஞ்சையும் பார்த்தவர், மாலையில் அவர்களுடைய முகத்தைப் பார்த்தார். ஊடுகதிர் காட்டாத நோவைத் தூரிகையால் காட்டினார். 2005இல், ஐம்பத்தைந்து அகவை கடந்தபின்னரே, மருத்துவத்தை விட்டு முழுநேர ஓவியரானார். 2019இல் மும்பையின் தேசிய நவீன ஓவியக் கூடத்தில் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் பெருங்கண்காட்சி நடைபெற்றது.

தானேக்கு ஒரு பட்வர்தன் கிடைத்தார். ஓசூருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

கற்ற அறிவியல் வீணாகுமா?

"அரசு இடஒதுக்கீட்டில் ஓர் அறிவியல் இடத்தைப் பெற்று, ஐந்தாண்டுகள் படித்துவிட்டு, ஓவியம் வரையப் போனால் அக்கல்வி வீண்தானே? அந்த இடம் வேறோர் ஏழை மாணவனுக்குக் கிடைத்திருக்குமே?" என்று மூத்தோர் சிலர் வினவுவர். இது நேர்மையான வினா, ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் இவ்வினாவுக்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. அறிவியல் என்பது ஒரு வேலைக்கான அனுமதிச்சீட்டு மட்டுமே என்பதுதான் அது. அறிவியல் முதலில் தருவது பார்க்கும் பயிற்சி. தரம்பார்த்தற் சோதனையில் பியூரெட்டிலிருந்து இறங்கும் கடைசித் துளியில், நிறமற்ற நீர்மம் இளஞ்சிவப்பாகும் கணத்தை அறிய வேண்டும். ஒரு துளி மிகுந்தால் கணக்குப் பிழைக்கும். அக்கண்ணைப் பெற்றவன் ஓவியத்திற்குப் பாதி ஆயத்தமானவன்.

ஓவியத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் இவ்வுறவு தெளிவாகும். பாசுராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஐதம் பதினோராம் நூற்றாண்டில் 'கிதாபுல் மனாசிர்' என்னும் ஒளியியற் பெருநூலை ஏழு பகுதிகளாக எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்னும் பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என நிறுவினார். அந்நூல் இலத்தீன் மொழிக்குச் சென்று, தொலைவையும் ஆழத்தையும் தாளில் காட்டும் முறையைத் தேடிய இத்தாலியக் கலைஞர் கைகளை அடைந்தது. சிற்பி கிபெர்ட்டி தம் நூலில் அதனைப் பெரிதும் எடுத்தாண்டுள்ளார். சகாங்கீர் அவையின் ஓவியர் உசுதாத் மன்சூர் வரைந்த சைபீரியக் கொக்கு, மேலை அறிவியல் அப்பறவைக்குப் பெயரிடுவதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே இறகு இறகாகத் தாளில் பதிந்துவிட்டது. அதை ஓவியம் என்பதா, விலங்கியல் என்பதா?

நம் சென்னை ஓவியக் கல்லூரியே ஒரு மருத்துவரால் தோன்றியது. அலெக்சாண்டர் அண்டர் என்னும் அறுவை மருத்துவர் 1850இல் அதைத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து மறுதலைச் சான்றும் தரலாம். எசுபானிய நாட்டின் சந்தியாகோ ரமோன் இ காகால் ஓவியராகவே விரும்பினார். தந்தையார் அதை ஏற்காமல் மருத்துவத்தில் சேர்த்தார். பின்னாளில் நுண்ணோக்கியின் வழியே மூளையின் நரம்புச் செல்களைக் கண்டு தம் கையால் வரைந்தார். நரம்பு மண்டலம் தனித்தனிச் செல்களால் ஆனது என்னும் உண்மை அப்படங்களோடு உலகிற்குத் தெளிவாயிற்று. 1906இல் நோபல் பரிசு பெற்றார். தந்தை வென்றார் என்றும் சொல்லலாம். மகன் வென்றார் என்றும் சொல்லலாம். கைத்திறன் மட்டும் எங்கும் போகவில்லை.

பெரியோர் எழுப்பும் ஏனைய வினாக்கள்

முதலாவது, பிழைப்பு. இதைச் சொல்லும் தந்தையரை நான் ஒருபோதும் பழிக்கமாட்டேன். பழைய இரும்பு வாங்கியும், மாம்பழக் கூடை சுமந்தும், சுமையுந்து ஓட்டியும் மகனைப் படிக்கவைத்தவருக்கு, மாத இறுதியில் வரும் சம்பளம் என்பது பணம் மட்டுமன்று. இனி நம் குலம் பசியாது என்னும் உறுதிமொழி. அதைத் தன் மகன் கிழித்தெறிவதாக அவர் அஞ்சுவது இயற்கை. "கலைக்காகத் துன்புறு" என்று அவர் மகனுக்கு உபதேசிக்க நமக்கு உரிமையில்லை. ஓவியரும் உண்ண வேண்டும் என்பதைப் பெரிய ஓவியர்களே உணர்ந்திருந்தனர். கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தோற்றுவித்தபோது, அங்குக் குடியேறிய கலைஞர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அவ்வருவாயில் தம் ஓவியத்தைக் காத்துக்கொண்டனர். ஓவியம் விற்குமுன் அடுப்பு எரிய வேண்டும் என்பதில் அவர்களுக்கு நாணம் இருக்கவில்லை.

இரண்டாவது, மார்க்கம் பற்றிய வினா. உயிருருவங்களை வரைவது குறித்து அறிஞரிடையே நெடுங்காலமாய் ஆய்வும் கருத்து வேறுபாடும் உண்டு. அதில் தீர்ப்புரைக்கத் தமிழாசிரியனாகிய எனக்குத் தகுதியில்லை. மாணவர் தம் மனச்சான்றுக்கேற்பத் தகுந்த ஆலிமை அணுகிக் கேட்டறிதலே முறை. ஆயினும் ஓவியக் கலை முழுவதுமே நமக்கு அயலானது என்று யாரேனும் சொன்னால் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. எழுத்தணிக் கலையும், வட்டத்திலும் சதுரத்திலும் பிறந்து எல்லையின்றி விரியும் வடிவியற் கோலங்களும், கொடியும் மலரும் பின்னும் அணிவேலையும் உலகுக்கு வழங்கிய பண்பாடு நம்முடையது. 964இல் அப்துர் ரகுமான் அல்சூபி விண்மீன் கூட்டங்களை வரைந்து விளக்கினார். 1206இல் அல்சசரி தம் பொறிகளைப் படங்களோடு எழுதிவைத்தார். கோலும் மையும் அறிவின் துணைகளாகவே அங்கு இயங்கின.

மூன்றாவது, யாரும் வாய்விட்டுக் கேட்காத ஆனால் எல்லார் உள்ளத்திலும் இருக்கும் வினா. "ஊர் என்ன சொல்லும்? பெண் யார் தருவார்?" தொழிலகத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பவனுக்குள்ள மதிப்பு, தூரிகை பிடித்தவனுக்கு இல்லை என்பது உண்மையே. ஆனால் இம்மதிப்பை வழங்குவதும் மறுப்பதும் நாம்தாம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் 'சித்திரகாரப்புலி' என்னும் பட்டத்தைத் தன் பெருமையாகத் தாங்கிய நாடு இது. மணிமேகலை ஓவியத்திற்கென்றே ஒரு நூல் இருந்ததைக் குறிப்பிடுகிறது. பரிபாடல், திருப்பரங்குன்றத்தில் மக்கள் கூடி நின்று ஓவியங்களைக் கண்டு ஒருவர்க்கொருவர் விளக்கிக்கொண்ட காட்சியைக் காட்டுகிறது. ஓவியனை மதிக்கத் தெரிந்திருந்த சமுதாயம் அதை மறந்திருக்கிறது, அவ்வளவே.

என் கருத்து

இனி, என் மாணவருக்கு நான் அளித்த விடையைக் கூறுகிறேன்.

வேலையை நாளையே விட்டுவிட வேண்டாம் என்றேன். அவர் முகம் வாடியது. ஆனால், ஓவியத்தை நாளை நாளை என்று ஒத்திப்போடவும் கூடாது என்றேன். பணியிலிருந்து ஓவியத்திற்குச் செல்வது ஆற்றைத் தாண்டிக் குதிப்பதன்று. அக்கரைக்குக் கல்லடுக்கிப் பாலம் கட்டுவது. அதற்கென மூன்று கற்களைக் காட்டினேன். முதலாவது, காலம். முறைமாற்றி வரும் இரவுப் பணி வரைபவனின் கண்ணைத் தின்றுவிடும். ஊதியம் சிறிது குறையினும் பகற்பணியை மட்டும் கேட்டுப் பெறலாம். இரண்டாவது, பயிற்சி. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர் தொலைவுதான். அங்குள்ள கர்நாடகச் சித்திரகலா பரிசத்து நம் மாணவர் கால்வைக்கத் தயங்கும் இடமாக இருத்தல் கூடாது. அது ஆண்டுதோறும் நடத்தும் 'சித்திரச் சந்தை'யில் தெருவோரத்திலேயே ஓவியங்கள் விற்கப்படுகின்றன. விலை எப்படி, வாங்குவோர் யார் என்பதை அங்கு நின்றே கற்கலாம். மூன்றாவது, சேமிப்பு. ஓராண்டுக் குடும்பச் செலவுக்கான தொகை கையில் சேர்ந்து, ஓவியத்தின் வழி ஒரு சிறு வருவாயேனும் தொடர்ந்து வரத் தொடங்கும் நாளில் இவ்வினாவை மீண்டும் கேட்கலாம்.

இன்னொன்றும் சொன்னேன். வேறு எதையும் தேடி வரையப் போகவேண்டாம். ஆய்வகத்தையே வரையுங்கள் என்றேன். நிக்கல் தொட்டியின் பச்சையையும், மயில்துத்தக் கரைசலின் நீலத்தையும், குரோமிய நீர்மத்தின் செம்மஞ்சளையும் அவரைப்போல் நாள்தோறும் பார்ப்பவர் ஓவியக் கல்லூரியிலும் இல்லை. அத்தொட்டிகளின் ஆவியில் நிற்கும் தொழிலாளியின் கையுறையையும் இருமலையும் அவரைப்போல் அறிந்தவர் அரியர். வேதியியல் அவருக்குச் சுமையன்று. அவர் மட்டுமே வைத்திருக்கும் வண்ணப்பெட்டி.

ஆனால் ஒரு மாணவருக்கு அறிவுரை கூறிவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. நம் கல்லூரிகளின் பொறுப்பு என்ன? அறிவியல் துறைகளில் பலகோடி மதிப்புள்ள கருவிகளை வைக்கிறோம். ஓவியத்திற்கென ஓர் அறை, சில பலகைகள், கிழமைக்கு இரண்டு மாலைப் பொழுதுகள், வழிகாட்ட ஓர் ஓவிய ஆசிரியர் என்பதற்கு எவ்வளவு செலவாகும்? இதனை ஆட்சிக்குழுப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். விலங்கியல் மாணவர் வரையும் பதிவேட்டுப் படங்களுக்கு மதிப்பெண் இடுவதோடு நில்லாமல், நன்கு வரையும் கையை அடையாளம் கண்டு ஊக்குவிக்கலாம். மயிலாடும்பாறைக்கும் மல்லசந்திரத்திற்கும் வரலாற்று மாணவரும் தமிழ் மாணவரும் அறிவியல் மாணவரும் சேர்ந்து செல்லும் கல்விச் சுற்றுலாவை ஆண்டுதோறும் நடத்தலாம். இம்மலரின் ஓரங்களையும் அட்டையையும் கடையில் வாங்கிய படங்களால் நிரப்பாமல் நம் மாணவரிடமே வரையச் சொல்லலாம்.

செல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் திருமண மண்டபங்களிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும், எங்கோ அச்சான வெளிநாட்டு அருவிகளும் பனிமலைகளும் தொங்குகின்றன. அவ்விடத்தில் இராயக்கோட்டையையோ, கிருட்டிணகிரி அணையின் மாலைப் பொழுதையோ, நம் ஊர்க் கையெழுத்தணிக் கலைஞர் ஒருவர் எழுதிய அழகிய எழுத்தையோ விலை கொடுத்து வாங்கி மாட்டலாம். "ஓவியம் சோறு போடுமா?" என்று கேட்பவர் ஓர் ஓவியமேனும் வாங்கியிருக்கிறாரா என்பதும் கேட்கத்தக்க வினாவே.

இறுதியாக, அம்மாணவர் வேண்டியபடி ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப்பின் அவர் இல்லத்திற்குச் சென்றேன். ஓய்வுபெற்ற சுமையுந்து ஓட்டுநரான அவர் தந்தையார் ஏடுகளை ஒவ்வொரு பக்கமாய்ப் புரட்டினார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. சன்னலில் தலைசாய்த்து உறங்கும் தொழிலாளியின் படத்தில் அவர் விரல் நின்றது. "வண்டி ஓட்டின காலத்தில் நானும் இப்படித்தான் உறங்குவேன்" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "வேலையை விடாதே, இதையும் விடாதே" என்றார். நான் அரைமணி நேரம் சொல்லக் கருதியிருந்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அம்மாணவர் இப்போது பகற்பணிக்கு மாறியுள்ளார். ஞாயிறுதோறும் பெங்களூரு சென்று பயில்கிறார். அவர் முழுநேர ஓவியராவாரா, மனோகர் தேவதாசைப்போல் இரு கரைகளிலும் நடப்பாரா என்பதைக் காலம் சொல்லட்டும். அன்று வகுப்பில் நான் பறித்த ஏட்டை அவரிடம் திருப்பித் தரவில்லை. அது எங்கே போயிற்றோ, நான் அறியேன். அதற்கு ஈடாக ஒரு பெரிய வரைதாள் ஏட்டை வாங்கி அவரிடம் கொடுத்தேன். முதற்பக்கத்தில் என் பெயரை எழுதித் தரச் சொன்னார். எழுதவில்லை. அது அவர் வரைய வேண்டிய பக்கம்.